மூன்று தலைமுறைக்கு ஒரு கைக்கடிகாரம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"கைப்பேசியிலேயே மணி தெரிகிறதே, கைக்கடிகாரம் எதற்கு?" என்று கேட்போர் இன்று பலர். மலருக்கு இதைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் வகுப்புத் தோழியரும் அதையேதான் கேட்டார்கள். கேட்பது நியாயமே. ஆயினும் கடலுக்குள் மூழ்குவோருக்கெனச் செய்யப்பட்ட கைக்கடிகாரங்களைப் பற்றிக் கோடை விடுமுறை முழுவதும் படிக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அப்படிப் படிக்க நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

எங்கள் அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் பகுதியில் பணிபுரிகிறார். அடுத்த ஆண்டுடன் கடல் வேலையை முடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிடப் போகிறார். கடைசிப் பயணத்தில் நல்லதொரு கடல் கடிகாரம் வாங்கி வந்து, பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் வீட்டில் இருக்கும்படி வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியில் போய் வந்தவர். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் அவர் மறைந்த பின் பெரியப்பா மகன் அண்ணனுக்குப் போயிற்று. பெண் பிள்ளைக்கு நகை, ஆண் பிள்ளைக்குக் கடிகாரம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எங்களுக்கு ஆளுக்கொரு ஜோடிக் கம்மல் வந்தது.

நாங்கள் மூவரும் பெண்கள். அப்பா தம் ஆசையைச் சொன்ன அன்று மூத்த அத்தை சிரித்துக்கொண்டே, "கடியாரத்த வாங்கி யாருக்குக் குடுக்கப் போற? மூணும் பொம்பளப் பிள்ளைக" என்றார்கள். அப்பா ஒன்றும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கப்பலுக்குப் புறப்படும்போது நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்றை எங்களிடம் கொடுத்தார். "எது வாங்கணும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. ஏன்னும் சேத்து எழுதணும்" என்றார். அந்த நோட்டில் எழுதியவற்றிலிருந்துதான் இக்கட்டுரை.

முதலில் எங்களுக்கு எழுந்த ஐயம், கடலுக்குள் போகிறவருக்கு மணி எதற்கு என்பதே. நம் மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கி, மூச்சு முட்டியதும் மேலே வந்தார்கள். அவர்களுக்கு மூச்சே கடிகாரம். பின்னர் வந்த செம்புத் தலைக்கவசக்காரர்களுக்குப் படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வந்தது. நேரத்தை மேலே இருப்பவர் பார்த்துக்கொண்டார். 1943-ல் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோ, எமில் கான்யான் இருவரும் முதுகில் காற்றுக் கலனைச் சுமந்துகொண்டு நீந்தும் கருவியை உருவாக்கினர். அதன் பின்தான் மனிதன் மீனைப் போலத் தன்னந்தனியே நீருக்குள் திரியத் தொடங்கினான். கலனில் உள்ள காற்றுக்கோ அளவு உண்டு. போதாக்குறைக்கு, ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் சோடா புட்டியைத் திறந்ததுபோல் குமிழி குமிழியாக வெளிப்பட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஆகவே எத்தனை நிமிடம் கீழே இருந்தோம் என்பது உயிர்ப் பிரச்சினை ஆயிற்று.

ஆனால் நீர் புகாத கடிகாரத்தின் கதை அதற்கும் முந்தியது. அதில் வரும் பெண்ணை எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் பெயர் மெர்சிடிஸ் கிளைட்சு. இலண்டனில் தட்டெழுத்துப் பணி செய்தவர். 1927 அக்டோபர் 7 அன்று இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். அவ்வாறு கடந்த முதல் பிரிட்டிஷ் பெண் அவரே. சில நாள் கழித்து வேறொரு பெண் தானும் நீந்தியதாகப் பொய் சொல்லி, பிறகு அதைத் தானே ஒப்புக்கொண்டதால், கிளைட்சு நீந்தியதையும் சிலர் சந்தேகித்தனர். தாம் செய்ததை மெய்ப்பிக்க அவர் அக்டோபர் 21 அன்று மறுபடியும் கடலில் இறங்கினார். தண்ணீர் கடுங்குளிராக இருந்தது. பத்து மணி நேரத்துக்கு மேல் போராடியும் கரையை எட்ட முடியாமல் அவரைப் படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்று அவர் கழுத்தில் ரோலெக்ஸ் கம்பெனியின் 'ஆய்ஸ்டர்' என்னும் கடிகாரம் தொங்கியது. அத்தனை நேரம் உப்பு நீரில் கிடந்தும் அது ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பெனியை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ப், நவம்பர் 24 அன்று 'டெய்லி மெயில்' நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் இதை விளம்பரமாக வெளியிட்டார். நீந்தியவர் பாதியில் தோற்றார், கடிகாரம் வென்றது என்று எங்கள் சின்னவள் சொன்னாள். அது சரியன்று. முதல் முறை அவர் உண்மையாகவே கடந்திருந்தார். நீந்திப் பெற்ற புகழைக் கொண்டு பின்னாளில் லெஸ்டர் நகரில் வீடற்றோருக்கு இல்லம் அமைக்கவும் உதவினார்.

அந்தக் கடிகாரத்தின் இரகசியம் அதன் சாவியில் இருந்தது. பக்கத்தில் நாம் திருகும் குமிழைத்தான் சாவி என்கிறோம். நீர் புகுவதற்கு எளிய வழி அதுவே, ஏனெனில் அங்கே ஓட்டில் துளை உண்டு. ஆய்ஸ்டரில் அந்தச் சாவியை ஊறுகாய்ச் சாடியின் மூடிபோல் மரையில் திருகி இறுக்கிவிடலாம். முதுகு மூடியும் அவ்வாறே. இருந்தாலும் தினமும் காலையில் சாவி கொடுக்கத் திறந்தால் மரையும் தேயும், மறந்து திறந்தே விட்டுவிடவும் கூடும். கை அசைவதனாலேயே உள்ளிருக்கும் அரைவட்ட எடைத்துண்டு சுழன்று வில்லை முறுக்கும் தானியங்கி முறை 1931-ல் ஆய்ஸ்டருடன் சேர்ந்த பிறகு, சாவியைத் தொடும் தேவையே குறைந்துபோயிற்று.

அடுத்து 1953. இந்த ஆண்டைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்தோம். பிரான்சின் கடற்படையில் நீர்மூழ்கி வீரர் அணி ஒன்றைத் தொடங்கிய ராபர்ட் மாலூபியே, குளோத் ரிஃபோ என்ற இருவர், இருட்டிலும் தெரிகிற, ஆழத்திலும் நிற்காத கடிகாரம் தேடி அலைந்தனர். ஸ்விட்சர்லாந்தின் பிளாங்பான் கம்பெனியை நடத்திய ழான் ழாக் ஃபீஷ்டர் என்பவரோ தாமே நீர்மூழ்கும் பழக்கமுள்ளவர். ஒருமுறை நீருக்குள் நேரம் போனது தெரியாமல் காற்றுத் தீர்ந்து தவித்தவர். இவர்கள் தேவையும் அவர் அனுபவமும் சேர்ந்து பிறந்த கடிகாரத்தின் பெயர் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்'. தமிழில் சொன்னால் ஐம்பது பாகம்! பாகம் என்ற சொல்லை எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ ஆறடி. கயிற்றை அப்படி அளந்துதான் தாத்தா காலத்தில் கடலின் ஆழம் பார்த்தார்கள். ஐம்பது பாகம் என்றால் 91 மீட்டருக்குச் சற்று மேல். கலன் கட்டிக்கொண்டு அதற்குக் கீழே போக முடியாது என்று அக்காலத்தில் கருதினர். ரோலெக்ஸ் கம்பெனியின் 'சப்மரீனர்' இதே காலத்தில் உருவாகி 1954-ல் ஸ்விட்சர்லாந்தின் பேசல் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அது 100 மீட்டர் தாங்கும் என்றார்கள்.

இவ்விரண்டிலும் முகப்பைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. மூழ்கும்போது வளையத்தின் அம்புக்குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டால், முள் நகர நகரக் கழிந்த நிமிடம் தானாகவே தெரியும். கணக்குப் போடத் தேவையில்லை. ஃபீஷ்டர் இவ்வளையம் தவறுதலாகத் திரும்பிவிடாதபடி பூட்டு வைத்தார். பிற்காலத்தில் வளையம் ஒரே பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக மட்டுமே திரும்பும்படி செய்வது எங்கும் வழக்கமாயிற்று. ஏன் எதிர்ப்பக்கம் என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். சப்பாத்திக் கட்டையும் தட்டும் வைத்துச் செய்து பார்த்ததும் விளங்கிற்று. பாறையில் இடித்து வளையம் சிறிது திரும்பினாலும், கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும், குறைவாகக் காட்டாது. பத்து நிமிடம் இருந்தவர் பதினைந்து என்று எண்ணி முன்னதாக மேலே வந்துவிடுவார். கடிகாரம் பொய் சொன்னாலும் உயிர் காக்கும் பொய்யாகத்தான் சொல்லும்!

அழுத்தத்தைப் பற்றி எங்கள் இயற்பியல் சிஸ்டரிடம் கேட்டபோது, விடை தராமல் கணக்கைத் தந்தார்கள். கடல் நீரில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 200 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 20 கிலோ. கண்ணாடியின் விட்டம் 3 செ.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 7 சதுர செ.மீ. ஆக அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல் 140 கிலோ அமுக்கும். இரண்டு பெரியவர்கள் ஏறி நிற்பதுபோல. 1960 சனவரி 23 அன்று ழாக் பிக்கார், டான் வால்ஷ் இருவரும் 'டிரியெஸ்ட்' என்னும் ஆழ்கடல் கலத்தில் பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியின் அடிக்குச் சென்றபோது, கலத்தின் வெளிப்புறத்தில் ரோலெக்ஸ் தனியாகச் செய்த கடிகாரம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. 10,916 மீட்டர் போய்த் திரும்பியும் அது ஓடியது. அதன் கண்ணாடி உருண்டையாகப் புடைத்திருக்கும். கையில் கட்டிக்கொள்ள ஏற்றதன்று.

சப்பான் இந்த வரிசையில் சற்றுத் தாமதமாகவே சேர்ந்தது. சீக்கோ கம்பெனியின் முதல் நீர்மூழ்கிக் கடிகாரம் 1965-ல் வந்தது. 150 மீட்டர் தாங்கும். அளவு 37 மில்லிமீட்டர்தான். சப்பானின் அண்டார்க்டிக் ஆய்வுக் குழுவினர் அதைக் கொண்டுசென்றனர். 1968-ல் ஹிரோஷிமா மாவட்டத்தின் குரே நகரிலிருந்து தொழில்முறை மூழ்குநர் ஒருவர் அக்கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். நாள்கணக்கில் ஆழத்தில் தங்கி வேலை செய்வோர் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது. ரப்பர் வளையத்தையும் ஊடுருவிக் கடிகாரத்துக்குள் புகுந்துவிடும். மேலே வரும்போது வெளியழுத்தம் குறைய, உள்ளே சிக்கிய ஹீலியம் கண்ணாடியைத் தெறித்து வெளியே தள்ளிவிடும். இதற்கு ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் 1967-ல் கண்ட வழி, புகுந்த ஹீலியம் வெளியேற ஓட்டின் பக்கத்தில் குக்கர் வால்வுபோல் ஒரு வால்வு. சப்பானியர் வழி வேறு. இக்குவோ தொக்குநாகா என்னும் பொறியியலாளரும் அவர் குழுவினரும் ஏழாண்டு உழைத்து, ஹீலியம் உள்ளேயே புகாதபடி ஓட்டையும் ரப்பரையும் மாற்றியமைத்தனர். 1975-ல் டைட்டானியம் ஓட்டுடன் 600 மீட்டர் தாங்கும் கடிகாரம் வந்தது. ஆழத்தில் நீச்சல் உடை அமுங்கிச் சுருங்கும்போது கையில் தளராமல் இருக்க, வாரில் ஆர்மோனியத் துருத்திபோல் மடிப்புகள் வைத்தார்கள். ஒரு வாடிக்கையாளர் எழுதிய குறைக்கு ஏழாண்டு உழைப்பு! புகுந்ததை வெளியேற்றுவதா, புகாமலே தடுப்பதா என்று எங்களுக்குள் பட்டிமன்றமே நடந்தது. இரண்டாவது கட்சியே வென்றது.

இனி, இந்த இதழைப் படிக்கும் மாணவிகள் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று. இருட்டில் கடிகாரம் ஒளிர்வதற்கு முற்காலத்தில் ரேடியம் கலந்த சாயத்தை முகப்பில் பூசினார்கள். 1898-ல் மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவரும் கண்டறிந்த அதே ரேடியம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு என்னும் ஊரில் 1917 முதல் இளம்பெண்கள் இவ்வேலையில் அமர்த்தப்பட்டனர். எங்களைவிட ஓரிரு வயதே மூத்தவர்களும் அவர்களில் இருந்தனர். எண்கள் மிகச் சிறியவை ஆதலால் தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் துளித்துளியாக ரேடியம் உடலுக்குள் சென்று எலும்பில் தங்கியது. பல் விழுந்து, தாடை எலும்பு அரித்து, பலர் இறந்தனர். கிரேஸ் ஃபிரையர் என்பவர் வழக்குத் தொடுக்க வக்கீல் கிடைப்பதற்கே நெடுநாள் அலைந்தார். 1927-ல் அவரும் வேறு நால்வரும் வழக்குத் தொடுத்தனர். 1928-ல் கம்பெனி பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தொழிலாளரின் உடல்நலத்துக்கான சட்டங்கள் வலுப்பெற அவ்வழக்கு வழி செய்தது. படித்த அன்று இரவு எங்கள் மூவருக்கும் பேச்சே வரவில்லை. அம்மா வந்து என்ன என்று கேட்டார்கள்.

இச்செய்தியால் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. ரேடியத்தின் பாதி அழிய 1,600 ஆண்டு ஆகும். சாயம் ஒளிர்வது சில பத்தாண்டுகளில் நின்றுவிடும். ஆனால் ரேடியம் நிற்காது. ஆகவே 1960-க்கு முந்திய பழைய கடிகாரம் இருட்டில் ஒளிரவில்லை என்பதால் அதில் கேடில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மூடியிருக்கும் வரை பெரிய அச்சமில்லை. வீட்டில் திறந்து, உதிர்ந்த சாயப்பொடியை ஊதவோ தொடவோ கூடாது. ரேடியத்துக்குப் பின் டிரிட்டியம் வந்தது. அதன் பாதி 12 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். 1990-களிலிருந்து பயன்படும் சாயத்தில் கதிரியக்கமே இல்லை. பகல் ஒளியைக் குடித்து வைத்திருந்து இரவில் உமிழும். "பழங்காலத்து அசல் சாமான்" என்று சொல்லி ஐம்பதுகளின் கடிகாரத்தை அப்பாவிடம் யாராவது விற்றுவிடப் போகிறார்களே என்று நோட்டில் இதைப் பெரிய எழுத்தில் எழுதினோம்.

இதற்கிடையே தாத்தாவின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அண்ணனிடம் கேட்டோம். "அது ஓடலயே, மேசைக்குள்ள கெடக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று கொடுத்துவிட்டார். அதுவும் சீக்கோவே. முதுகில் 6309 என்ற எண் இருந்தது. 1976 முதல் 1988 வரை வெளிவந்த வகை, 150 மீட்டர். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது மாதத்தையும் குறிக்கும் என்று படித்திருந்தோம். தாத்தாவுடையது 0, 2 என்று தொடங்கியது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் பூச்சியத்தில் முடிவது 1980 ஒன்றே. 1980 பிப்ரவரி! அப்பா அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் முகப்பில் தேமல்போல் கறை. முட்களில் துரு. கண்ணாடியின் உட்புறம் பனி படிந்த அடையாளம். தோணியில் இத்தனை ஆண்டு உப்பு நீரில் நனைந்தபோது வராதது இப்போது ஏன் வந்தது? அண்ணன் யோசித்துச் சொன்னார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தாராம். அடுத்த மாதமே கடலில் குளித்தாராம். கடையில் திறந்தவர் பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டு மூடியிருக்கிறார். பார்த்தால் கறுப்பு நூல்போல் இருக்கும் அந்த வளையம்தான் எல்லாம். ஆண்டுகள் ஆக ஆக அது இறுகி, தட்டையாகி, வெடித்துவிடும். மூடியைத் திறந்தால் புதிதாக மாற்றி, காற்றழுத்தக் கருவியில் வைத்துச் சோதித்த பின்னரே தண்ணீரில் இறக்க வேண்டும். மூழ்குநர் கடிகாரத்துக்கான உலகத் தர விதி ஐ.எஸ்.ஓ. 6425 என்பது, 1982-ல் முதலில் வந்தது. அதன்படி ஒவ்வொரு கடிகாரத்தையும் அதன் மேல் எழுதிய ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து முள் தெரிய வேண்டும். பனி படிகிறதா என்று பார்க்கும் சோதனை மிக எளியது: கடிகாரத்தைச் சூடான தட்டில் வைத்து, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, துடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஆவி படிந்தால் தள்ளுபடி.

'30 மீட்டர்' என்று மட்டும் எழுதிய சாதாரணக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு முப்பது மீட்டர் மூழ்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. கை கழுவலாம், மழையில் நனையலாம்; அவ்வளவே. அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னோம். அவர் வேறொரு பழைய ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார். வளையங்கள் மாற்றி, எந்திரத்தைக் கழற்றி எண்ணெய் இட்டதும் கடிகாரம் ஓடிற்று. முகப்புக்குப் புதிதாகச் சாயம் அடித்துத் தருவதாகவும் அவர் சொன்னாராம். வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டோம். கறை இருந்தாலும் தாத்தா பார்த்த முகம் அதுதானே. ஓடத் தொடங்கிய பின் இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தது. இரவில் காதருகே வைத்தால் நொடிக்கு ஆறு தட்டு. பிறகு அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தோம். அவருடையது அல்லவா. இப்போது தினமும் கட்டிக்கொள்கிறார்.

இனி, அப்பா கேட்டதற்கு வருவோம். மின்கலத்தில் ஓடுவதா, வில்லில் ஓடுவதா? சீக்கோ கம்பெனி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969-ல் கிறிஸ்து பிறப்பு நாளன்று டோக்கியோவில் விற்பனைக்கு விட்டது. விலை அந்நாளில் ஒரு சிறிய காரின் விலைக்குச் சமம். மாதத்துக்கு ஐந்து நொடிதான் பிசகும். வில் கடிகாரம் ஒரே நாளில் பத்து நொடி பிசகினாலும் நல்லதென்றே சொல்வார்கள். அப்படியிருக்க வில் எதற்கு என்று சின்னவள் வாதாடினாள். மறந்துபோன மின்கலம் உள்ளே ஒழுகினால் கடிகாரம் பாழ். சுற்றுத்தகடு பழுதானால் நாற்பது ஆண்டு கழித்து அதே தகடு யாரிடம் கிடைக்கும்? சக்கரத்தையும் வில்லையும் கைத்தொழில் தெரிந்தவர் செய்துகூடப் போட்டுவிடலாம். தாத்தாவின் கடிகாரம் நாலாண்டு துருப்பிடித்துக் கிடந்தும் எழுந்து ஓடியதைப் பார்த்த பின் அவளும் எங்கள் பக்கம் வந்துவிட்டாள். இன்று மூழ்குநர் கையில் ஆழத்தையும் நேரத்தையும் தானே கணக்கிடும் சிறு கணினி இருக்கிறது, கடிகாரம் துணைக்குத்தான். நமக்கு வேண்டியதும் மூழ்குவதற்கன்று, நிலைப்பதற்கு.

சப்மரீனரின் விலையைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டோம். "அத வாங்கினா நீங்க கட்ட மாட்டீங்க, நா காவல்தான் இருக்கணும்" என்றார்கள் அம்மா. அது விலையைவிடப் பெரிய காரணமாக எங்களுக்குப் பட்டது. பீரோவில் பூட்டிய தானியங்கிக் கடிகாரம் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். எண்ணெயும் காலப்போக்கில் கட்டிப்போகும். கட்டிக்கொண்டே இருப்பதுதான் அதற்குப் பராமரிப்பு. ஆகவே பஸ்ஸிலும் கடற்கரையிலும் அச்சமின்றிக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். எந்திரம் பல வகைக் கடிகாரங்களில் பொதுவாகப் பயன்படுவதாக இருந்தால், உதிரிபாகமும் பழகிய கையும் பிற்காலத்தில் கிடைக்கும். உலகில் ஒரு சிலவே உள்ள அதிசய எந்திரம் வேண்டாம். கண்ணாடி செயற்கை நீலக்கல்லாக இருப்பது நல்லது. வைரத்துக்கு அடுத்தபடியான கடினம், எளிதில் கீறல் விழாது.

கடைசியில் எங்கள் நோட்டில் மிஞ்சியது, 1965-ன் அந்த 37 மில்லிமீட்டர் சீக்கோவின் வடிவத்தை ஒட்டி 2020-ல் அதே கம்பெனி வெளியிட்ட கடிகாரம். 200 மீட்டர், நீலக்கல் கண்ணாடி, முழுதும் முறுக்கினால் 70 மணி நேரம் ஓடும். அளவு 40.5 மி.மீ. தாத்தாவுடையது எங்கள் கையில் சாப்பாட்டுத் தட்டைக் கட்டியதுபோல் இருந்தது. ஆண்களின் கைக்கென்றே செய்தது. அளவில் விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. வார் மாட்டும் கொம்புகளின் முனைக்கு முனை நீளம் மணிக்கட்டின் அகலத்தை மீறக் கூடாது. இதில் அது ஏறத்தாழ 48 மி.மீ. காகிதத்தில் வெட்டிக் கையில் வைத்துப் பார்த்தோம். பெரியவளுக்குச் சரியாக அமர்ந்தது. நடுவிலவளுக்கு மயிரிழை. சின்னவளுக்கு இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

அவ்வாறே எழுதி அனுப்பினோம். கூடவே, பில்லும் பெட்டியும் பத்திரமாக வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்கொரு முறை வளையம் மாற்றிய தேதியை எழுதப் பெட்டிக்குள் ஒரு சிறு நோட்டு வைக்க வேண்டும் என்றும், மெருகு போடுகிறேன் என்று யாரும் ஓட்டைத் தேய்க்க விடக்கூடாது என்றும் எழுதினோம். யாருக்கு என்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பதினைந்து நாள் கழித்து அப்பாவிடமிருந்து பதில் வந்தது. கப்பல் அப்போது சப்பானின் யோக்கஹாமா துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்ததாம். கடிகாரத்தைப் பற்றி இரண்டே வரி. மூன்று பேருடைய மணிக்கட்டுச் சுற்றளவையும் நூல் வைத்து அளந்து அனுப்பச் சொல்லியிருந்தார். பெரியவளுக்கு 15 செ.மீ., நடுவிலவளுக்கு 14.5, சின்னவளுக்கு 13 என்று அனுப்பினோம். செயினிலிருந்து கழற்றும் கண்ணிகளைக் கடையிலேயே விட்டுவிடாமல் எல்லாவற்றையும் வாங்கி வரும்படியும், சின்னவளின் கை இனிமேல்தான் வளரும் என்றும் அடியில் சேர்த்து எழுதினோம்.